இரண்டு விரல் கோணல்

"ஃபோர்க் வளையல. முறுக்கிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். இருபது நிமிஷ வேலை" என்றார் மெக்கானிக் மலாக்கி.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்து போயிருக்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவன் ஃபின்டன். வளைந்திருந்தால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் இன்றைக்குப் பந்தயத்தில் இறங்க வேண்டியதில்லை.

நேற்றுப் பயிற்சி ஓட்டத்தில் சர்ச் வளைவில் விழுந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வழுக்கிக்கொண்டே போய் நின்ற இடத்தில் கண்ணைத் திறந்தால், கல் சுவர் மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில். ஆறு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா கானர் மோதிச் செத்தது அதே சுவரில்தான்.

இதை யாரிடம் சொல்வது? வடக்கு அயர்லாந்தில் ஊர்ச் சாலையை மூடிவிட்டுப் பந்தயம் விடுகிற ஊர் அது. அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருத்தரும் "நான் ஓட்டலை" என்று சொன்னதில்லை.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறே? ஹெல்மெட்டைத் துடை!"

அப்பா டெர்மட். உருளைக்கிழங்கு மண்டியில் கத்திக் கத்தியே உரமேறிய தொண்டை.

"மலாக்கி, பத்து மணிக்கு ரோட்டை மூடுறாங்க. ஒன்பதரைக்குள்ள வண்டிச் சோதனை முடிஞ்சாகணும். தடவிக்கிட்டிருக்காதே!"

"நீ வாயை மூடினா என் கை தானா ஓடும், டெர்மட்."

ஃபோர்க்கைக் கவ்விப் பிடித்திருந்த போல்ட்டுகளை மலாக்கி தளர்த்தினார். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினார். பிறகு போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, ஒரு தடித்த கண்ணாடித் துண்டை ஃபோர்க்கின் இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே வைத்து, மூலைக்கு மூலை விரலால் அழுத்தினார்.

"கோணலா இருந்தா கண்ணாடி ஆடும். ஆடுதா? நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, பாரு தம்பி."

ஃபின்டன் பார்க்கவில்லை. கையுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். இவ்வளவு சீக்கிரம் கையுறையை மாட்டியதே நடுக்கம் வெளியே தெரியாமலிருக்கத்தான்.

"ராத்திரி தூங்கினியா?" என்றார் மலாக்கி, தணிந்த குரலில்.

"நல்லா தூங்கினேன்."

"அவனுக்கென்ன கேடு? என் பிள்ளைடா அவன்!" அப்பா குறுக்கே பாய்ந்தார். "போ, போய் உடுப்பை மாட்டு. வண்டியை நாங்க தள்ளிட்டு வர்றோம். இன்னிக்குக் கோப்பை இல்லாம வீட்டுப் பக்கம் வராதே!"

ஃபின்டன் வேனுக்குப் பின்னால் போனான். குனிந்தான். காலையில் குடித்த தேநீர் அப்படியே வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு தோல் உடுப்பை மாட்டினான். பாதையின் வளைவுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். சர்ச் வளைவு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பாதையே இல்லை.

சோதனைக் கூடாரத்தில், பந்தய வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஊனா அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். வண்டிக்கு நேரெதிரே வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"யார் பார்த்த வேலை இது?"

பேனாவால் முன் சக்கரத்தைத் தட்டினாள்.

"சக்கரம் ரோட்டைப் பார்க்குது. ஹேண்டில்பார் மாட்டுக்கொட்டாயைப் பார்க்குது. இரண்டு விரல் கோணல். இதுல ஏறி நூத்தம்பது மைல் வேகத்துல போகப் போறானா?"

"அஞ்சே நிமிஷம் குடுங்க..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"மணி ஒன்பது முப்பத்திரண்டு. பட்டியலை மூடியாச்சு. அடுத்த வருஷம் வாங்க."

அவ்வளவுதான். அப்பா மலாக்கி மேல் பாய்ந்தார். கூடாரமே திரும்பிப் பார்த்தது.

"நாப்பது வருஷமா ஸ்பானர் பிடிக்கிறே, ஒரு கோணலை நிமிர்த்தத் தெரியல! உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்! என் பிள்ளை இன்னிக்கு ஜெயிச்சிருப்பான்யா! இனி என் வண்டிப் பக்கம் உன் நிழல் விழக் கூடாது!"

"மலாக்கி, சீக்கிரம் கண்ணைப் போய்க் காட்டு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சிரிப்பு எழுந்தது.

மலாக்கி கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஃபின்டனின் மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. இவன் பயத்துக்கு இன்னொரு மனிதர் ஊர் முன்னால் திட்டு வாங்குகிறார்.

அப்பா ஒரு வாளியை எட்டி உதைத்துவிட்டு வேனை நோக்கி நடந்ததும், ஃபின்டன் மலாக்கியைக் கூடாரத்துக்குப் பின்னால் மடக்கினான்.

"அப்போ கண்ணாடி ஆடலையே, நீங்க வேணும்னேதானே கோணலாக்கினீங்க? நான் பயந்துட்டேன்னு கண்டுபிடிச்சு, எனக்காகத்தானே இவ்வளவு பேச்சு வாங்கினீங்க?" என்றான். "மன்னிச்சுக்கங்க. எங்கப்பாவுக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல கல்லு. பிள்ளை செத்தாலும் கோப்பை வந்தா போதும் அவருக்கு."

மலாக்கி கந்தல் துணியைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நான் நேராத்தான் நிமிர்த்தினேன், தம்பி."

"அப்புறம் எப்படி...?"

"நீ வேனுக்குப் பின்னால வாந்தி எடுத்ததை ரெண்டு பேரும் பார்த்தோம். அதைத் திரும்பக் கோணலாக்க ஸ்பானரை எடுத்தது உங்கப்பன். 'பழியை நீ ஏத்துக்கோ மலாக்கி, எல்லார் முன்னாடியும் உன்னைக் கிழிக்கப்போறேன், பொறுத்துக்கோ, என் பையன் தலை குனியக் கூடாது'ன்னான்."

கருவிப் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவன் கை நடுங்கின நடுக்கத்துல போல்ட்டுல ஸ்பானரே உட்காரல. நான்தான் தளர்த்திக் குடுத்தேன்."