முதல் வரியில் நம்ம லாட்ஜ்

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் போனிலேயே அறை பிடித்துவிட்டு மாசிலாமணியின் லாட்ஜைக் கடந்து போகிறார்கள். ஆணியில் தொங்கும் சாவிகள்மேல் காலை வெயில் ஏறுகிறது. இந்த வாரமும் அறைகள் நிரம்பாவிட்டால் லாட்ஜைக் கைமாற்ற வேண்டியதுதான். கடைசி முயற்சியாக மகள் ஹரிப்ரியா இணையத் தேடலில் விளம்பரம் கொடுத்திருக்கிறாள். விடிந்ததிலிருந்து அவர் போனில் தேடுகிறார். முதல் வரியில் லாட்ஜ் பெயர் வரும்போதெல்லாம் சாமி படத்தைத் தொடுவதுபோல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இப்போது பெயரைக் காணோம். "இன்னாம்மா, நம்ம பேரு பூட்ச்சே?" ஹரிப்ரியா கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். "நாம கட்ன காசுக்கு ஒரு நாளைக்கு இருவது தபா தொட்டா விளம்பரம் நின்னுடும் நைனா. அதுக்குள்ள இருவதும் முடிஞ்சிட்சி." "இருவது பேரா! அப்ப வந்துகினு இருப்பாங்க." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து எழுந்து நிற்கிறார். மகள் அவருடைய ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.