அரசாணிக்காய் பிஸ்கோத்து

பிஸ்கோத்து உடையவில்லை. வளைந்தது.

மாப்பிள்ளையின் அத்தை அதை இரண்டு விரலில் பிடித்துக் கூடத்திலிருந்த எல்லோருக்கும் காட்டினார். பெண் பார்ப்பதற்கென்றே அன்று காலை சூலூரிலிருந்து வந்திறங்கியவர். வந்ததற்கு ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டாமா?

"ஏனுங்க பட்லரே, பிஸ்கோத்துன்னா கடக்குனு ஒடையோணுமுங்க. இது வெத்தலையாட்ட மடங்குதே?"

பெண்ணின் அப்பா பாக்கியராஜுக்கு முகம் சுருங்கிப்போனது. போத்தனூர் ரயில்வே துரை பங்களாவில் இருபது வருஷமாகப் பட்லர். அவர் சுடும் பிஸ்கோத்துக்கு மற்ற துரைமார்கள் ஆள் அனுப்புவார்கள். இன்றைக்குப் பார்த்தா இப்படி?

மாப்பிள்ளை சகாயம் மில்லில் பிட்டர். நல்ல இடம். வைத்த தட்டைத் தொடாமல் எழுந்துவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா இருதயம்மாளோ முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

பாக்கியராஜ் உள்ளே ஓடினார்.

"கண்ணு, காலைல நாஞ் சுட்டு வெச்சது எங்க?"

"டப்பாவுல இருக்குதுங்கப்பா" என்றாள் சவுரியம்மாள். "தட்டுல இருக்கறது நாஞ் சுட்டதுங்க. நம்ம தோட்டத்து அரசாணிக்காய மசிச்சு, நாட்டுச்சக்கரை, சுக்கு, பட்டை, கிராம்பு போட்டு, மணல் சட்டியில வெச்சு, மேல தணல் போட்டுச் சுட்டேனுங்க."

பரங்கிக்காயை அந்தப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள்.

"அதைப் போட்டா மெத்துனுதான வரும்? பட்லர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

பிறகு எதற்குச் செய்தாய் என்று அவர் கத்தியதற்குப் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

பாக்கியராஜ் டப்பாவோடு திரும்பினார். அத்தை ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தம் வாசல் வரை கேட்டது.

"இது பிஸ்கோத்து. ஆனா கைப்பக்குவம் அப்பனுக்குத்தான இருக்குது? நம்ம சகாயத்துக்குப் பட்லரையா கட்டி வெக்கப்போறோம்? கெளம்பலாமுங்க அண்ணி."

இருதயம்மாள் எழவில்லை. டப்பாவைத் தள்ளிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று முந்தானை மறைவிலேயே பிஸ்கோத்து உள்ளே போனது. நாலாவதை எடுத்தபோது பாக்கியராஜுக்குப் போன உயிர் வந்தது.

"வார ஞாயித்துக்கெழமையே மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிப்போடலாமுங்க" என்றார் இருதயம்மாள்.

சவுரியம்மாள் கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டாள். சகாயம் அதைப் பார்த்துவிட்டான்.

குதிரைவண்டி கிளம்பியதுதான் தாமதம், அத்தை பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணி, ஒரு பிஸ்கோத்து சுடத் தெரியாதவளையா மருமவளாக்கப் போறீங்க?"

இருதயம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். முன்பல் நாலும் இல்லை. பத்து நாளைக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பல் போனதை, வெட்கப்பட்டு ஊருக்கே மறைத்து வைத்திருந்தார்.

"போன வாரம் கோயில் பூசையில, சாமியார் நாக்குல வெக்கற நன்மை அப்பத்த வாங்கறதுக்குத்தான் இந்த வாயத் தொறந்தேன். பக்கத்துல மண்டி போட்டிருந்தது அந்தப் புள்ளதான். இன்னிக்கு நீ அத்தனை பேசியும், அப்பன் அத்தனை வைதும், அது வாயத் தொறந்துச்சா பாத்தியா?"