அமைதியை அளந்த வட்டம்

யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததால், பிறவியிலேயே காது கேளாத என் மனைவி செண்பகவல்லியையும் நூலக மாடிக்கு அழைத்துப் போனேன். கணினியில் நிரல் எழுதி, மைக்கில் விழும் சத்தத்துக்கு ஏற்பத் திரையில் படத்தை அசைய வைப்பதுதான் பயிற்சி. முதலில் ஒரு மஞ்சள் வட்டம். சத்தம் வந்தால் விரியும், அடங்கினால் புள்ளியாகும்.

"ஒரு நிமிஷம் யாரும் மூச்சு காட்டாம இருங்க. அமைதியை அளந்துக்கணும்" என்றார் பயிற்சியாளர் ரெஹானா.

எல்லோரும் அடங்கினோம். வட்டம் அடங்கவில்லை. மின்விசிறியை நிறுத்தியும் விரிந்து விரிந்து சுருங்கியது.

"யாருப்பா அது, வண்டு மாதிரி முனகுறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

செண்பகவல்லி அவர்களைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்தாள், அது நின்றது. விட்டாள், அசைந்தது. தொண்டையில் கை வைத்துப் பார்த்தவளின் முகம் வெளிறியது.

'எத்தனை நாளாக?' என்று விரல்களால் கேட்டாள்.

'எப்போதும்' என்று காட்டினேன்.

'அம்மா செத்த அன்றுமா?'

தலையசைத்தேன்.

'ஏன் சொல்லவில்லை?'

பதினேழு வருடமாக அந்த முனகலைக் கேட்டுத்தான் நான் தூங்குகிறேன். சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். அதைச் சொல்ல என் கைகள் எழவில்லை.

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். வட்டம் புள்ளியானது.

"ஆங், இப்ப சரியாயிடுச்சு" என்றார் ரெஹானா. "ஆரம்பிக்கலாமா?"