சிரிப்புக்கு விட்ட இடம்

போரைப் புகழும் செவ்வாய்க் கிரகப் போர் நாவல் ஒன்றை நாங்கள் கிண்டல் படமாக எடுத்தோம். படத்தொகுப்பு நான். ஒவ்வொரு நக்கல் வசனத்துக்குப் பின்னும், பார்ப்பவர்கள் சிரிக்க இரண்டு நொடி இடம் விட்டிருந்தேன்.

படம் வெளியான அன்று, முதல் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. "சாகத்தான் பிறந்தோம்!" என்று திரையில் தளபதி கத்தியதும், அந்த இரண்டு நொடியில் அரங்கமே எழுந்து கைதட்டியது. என் மகள் தமயந்தியும் எழுந்தாள்.

அரங்க வாசலில் மேசை போட்டு, நிஜமான செவ்வாய்ப் படைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக வரிசையில் போய் நின்றாள்.

"அடியே, அது நக்கல்டி! வெட்டி ஒட்டினவ நான், எனக்குத் தெரியாதா?"

"உனக்குத்தாம்மா புரியலை. நான் மூணு இடத்துல அழுதுட்டேன்."

அதிகாரி எழுந்து எனக்கு வணக்கம் வைத்தார். "ரொம்ப நன்றி மேடம். ரெண்டு வண்டி நிரம்பிடுச்சு. பாப்பா, நகை எதுவும் கூடாது."

தமயந்தி கம்மல்களைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.