நடுப் பாலத்தில் ஒரு கை

தொங்கு பாலத்தின் நட்ட நடுவில் சுண்டுவுக்குக் கால் நகர மறுத்தது.

பலகை இடுக்கு வழியே ஆறு வெள்ளை நூல் மாதிரி தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

“ஏய் சுண்டு! என்னடி நின்னுட்டே? வா!” அக்கரையிலிருந்து ரூம்மேட் அக்கா கத்தினாள்.

படிக்கிறதுக்காக நாடு விட்டு நாடு வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. “ரூமுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா எப்படி? இங்கே படிக்க வர்ற எல்லாரும் ஒரு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டிடுவாங்க. நம்ம காலேஜ்ல அது ஒரு வழக்கம்டி” என்று இழுத்து வந்தவளே அந்த அக்காதான். இப்போது பொம்மை மாதிரி தூரத்தில் நின்று கையை ஆட்டுகிறாள்.

“காலே வரலைக்கா!”

“கீழே பார்க்காதே! என்னைப் பாரு!”

அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் ஊசலாடியது. சுண்டு கம்பிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘அம்மா’ என்று கத்தப் பார்த்தாள். வெறும் மூச்சுதான் வந்தது.

பின்னால் பலகைகள் அதிர்ந்தன. யாரோ வருகிறார்கள்.

திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் கொடுத்த ஆள். முகத்தைக்கூடப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துத் தள்ளியவன். ‘சிடுமூஞ்சி’ என்று அக்கா அப்போதே பேர் வைத்துவிட்டாள்.

அவன் நடை நேராக இல்லை. இரண்டு அடி வைத்தான், நின்றான். இந்தக் கயிற்றில் மோதினான், அந்தக் கயிற்றுக்குத் தாவினான். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஐயோ! குடிச்சிருக்கானே!

ஓட வழியில்லை. இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் ஆடுகிற பாலம். கீழே ஆறு.

வந்தவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். ஐஸ் மாதிரி கை. வெடவெடவென்று நடுங்கியது.

“விடு! என்னை விடு!”

விடவில்லை. அந்த ஊர் பாஷையில், “எழுந்திரு. நட” என்றான். நாக்கு குழறியது.

“அக்கா! குடிச்சிட்டு வந்து கையைப் பிடிச்சு இழுக்கிறான்க்கா!”

“டேய்! அவளை விடுடா!” அக்காவின் கத்தல் காற்றோடு போனது.

வந்த வழியே தரதரவென்று இழுத்துப் போனான். பாதி வழியில் காற்று இன்னொரு அடி அடித்தது. அவன் கால் சறுக்கி முட்டி போட்டு விழுந்தான். சுண்டுவும் அவன் மேலேயே சரிந்தாள்.

‘தொலைஞ்சோம்.’

ஆனால் அவன் பிடி மட்டும் தளரவில்லை. கண்ணை மூடி, முணுமுணுத்து, மறுபடி எழுந்தான். இழுத்தான்.

மண் தரை வந்ததும் அவள் கையை உதறினான். சுவர் மறைவுக்கு ஓடிக் குபுக்கென்று வாந்தி எடுத்தான்.

சுண்டுவின் போன் அடித்தது. அக்காதான். “நல்லா இருக்கியாடி? பார்த்தேன், பார்த்தேன். சும்மா விடாதே. உடனே கம்ப்ளெயின்ட் கொடு. இவனை எல்லாம் வேலையை விட்டே தூக்கணும்!”

அதற்குள் ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். பாலத்துக்கே அவள்தான் மேலதிகாரி. ஆங்கிலம் தெரிந்தவள்.

“அடி ஏதும் படலையேம்மா?”

“எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா உங்க ஆள் மேல புகார் கொடுக்கணும்.” சுண்டு சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். “வேலை நேரத்துல குடிச்சிட்டு வந்து என்னைப் பிடிச்சு இழுத்தார். நிக்கக்கூட முடியலை அவரால. ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்திருப்போம். இப்போ பாருங்க, வாந்தி வேற எடுக்கிறார்.”

அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள்.

“பாலத்துல ஏறி ஆளைக் கூட்டிட்டு வர்றவர் இன்னைக்கு லீவும்மா. மீட்புக்காரங்களைக் கூப்பிட்டேன். வந்து சேர நேரமாகும்னாங்க. நானே போயிருக்கணும். அந்தக் காத்துல எனக்குத் தைரியம் வரலை. கையைப் பிசைஞ்சுட்டு நின்னேன். திரும்பிப் பார்த்தா, கவுண்டர்ல இவரைக் காணோம்.”

“அதுக்காகக் குடிச்சிட்டா...”

“இல்லம்மா, அவர் குடிக்கிறவர் இல்லை.”

சுவரோரம் தலையில் கை வைத்துக் குந்தியிருந்த ஆளைப் பார்த்தபடியே அந்த அம்மாள் சொன்னாள்:

“உயரம்னாலே அவருக்கு உயிர் போயிடும். மாடிப்படியிலகூடச் சுவத்தைப் பிடிச்சுட்டுத்தான் இறங்குவார். இத்தனை வருஷமா இங்கே டிக்கெட் கிழிக்கிறார். அந்தப் பாலத்துல அவர் கால் வெச்சது இன்னைக்குத்தான்.”