அரை ஆட்டம் பிந்தி வந்தவள்

ஒரு லேசர் கருவிக்கு ஒளித்துடிப்புகளாய் அண்ணனும் தங்கையும் பிறந்தார்கள். இருவருக்கும் ஒரே வேகம், ஒரே பலம். அண்ணன் முதலில் பாய்ந்து எதிரே இருந்த ஒரு படிகத்தில் மோதுவான். உள்ளே வரிசையாய் நிற்கும் அணுக்களெல்லாம் ஊஞ்சல் போல ஆடும். அவை ஒரு பக்கம் போய்த் திரும்பி வருகிற அரை ஆட்டத்தில், அந்த வேகத்துக்கு எதிராய்த் தங்கை மோதுவாள். ஆட்டம் சட்டென்று அடங்கிவிடும்.

பக்கத்திலிருந்த அளவுக்கருவி, அண்ணன் பேருக்கு நேரே மலைமலையாய்க் கோடு போட்டது. தங்கைக்கு ஒரு தட்டைக் கோடு.

"நீ என்னம்மா செஞ்சே? ஒண்ணுமே நடக்கலையே. நாளைக்கும் இப்படின்னா உன் வழியை அடைச்சிடுவேன்," என்றது அது.

"ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே சார் அவ்வளவு பலமா மோதினேன்!"

"வாயைப் பாரு," என்று சிரித்தான் அண்ணன். "நாளைக்கு இன்னும் அரை ஆட்டம் பிந்தி வா. ஆட்டம் போற பக்கமே தள்ளு. உனக்கும் மலை கிடைக்கும்."

அவளுக்கும் ஆசை வந்தது. ஆனால் மறுநாள் அண்ணன் மோதியதும், மூலையிலிருந்த ஓர் அணு முனகியது: "அக்கா, இதுக்கு மேல ஆடினா எங்க வரிசையே கலைஞ்சிடும்."

தங்கை சரியாக அரை ஆட்டத்தில் மோதினாள். படிகம் அசையாமல் நின்றது.

"இன்னைக்கும் ஒண்ணுமில்லையா?" என்றது அளவுக்கருவி.

"வழியை அடைக்கிறதுன்னா அடைங்க சார்," என்றாள் தங்கை. "ஆனா ஒண்ணும் நடக்கலைங்கறதைப் பெரிய எழுத்துல எழுதுங்க."