மேகத்துக்குள் நீட்டிய விரல்

தேனிலவுக்கான ஐந்து நாள் அட்டவணையை நான்தான் நோட்டில் கோடு போட்டு எழுதினேன். சென்னையைத் தாண்டியதே இல்லை என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னவர் தனசேகர். அட்டவணையைப் பார்த்ததும், "வியாழக்கிழமை அங்க ஜூ லீவு, பவி" என்றார். போனில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ஜிலிங்கில் முதல் காலை, காட்சிமுனையில் ஒரே வெள்ளை மேகம். எல்லோரும் எதிரே இருந்த மரங்களுக்குச் சற்று மேலே பார்த்துக் காத்திருந்தோம். டிரைவர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மாலை வகுப்பில் படித்த இந்தியை நம்பாமல் இன்னொரு முறை கேட்டேன். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் கீழேயே தேடுவார்களாம். மலை அத்தனை உயரத்தில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையாம்.

இந்தி தெரியாத தனசேகர் அதற்கு முன்பே அண்ணாந்து, வெறும் வெள்ளைக்குள் விரலை நீட்டியிருந்தார்.

"அங்க பாரு. இப்ப வரும்."

மேகம் விலகியது. அவர் விரல் நுனியில் சிகரம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"போன தடவையும் இவ்வளவு சீக்கிரமா தெரிஞ்சுதா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இல்ல, ரெண்டு மணி நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

அதன் பிறகுதான் அந்த விரல் மெல்ல மடங்கியது.